பழைய மொபைல் ஹோமில் மின் வயரிங்: வெளிக் கம்பம் தொடங்கிப் படுக்கையறை பிளக் வரை

அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் தயாரான மொபைல் ஹோம்கள், அதாவது தொழிற்சாலையில் செய்து லாரியில் இழுத்து வந்து நிறுத்தும் வீடுகள், இன்றும் குறைந்த விலைக்குக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்கியவர் கண்ணில் முதலில் படுவது ஒரு சின்ன அறிகுறிதான். படுக்கையறை பிளக் பாயிண்ட் கறுத்திருக்கும். ஹீட்டர் போட்டால் விளக்கு மங்கும். மழை நாளில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். உடனே அந்த இடத்தைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்கின.

வேலையை வெளியே மீட்டர் கம்பத்தில் தொடங்கி உள்ளே வர வேண்டும். வெளியே எர்த் சரியில்லாத வீட்டில் உள்ளே எத்தனை புது பிளக் மாட்டினாலும், ஒரு கம்பி உரசினால் வீட்டின் தகரச் சுவர் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். மின்சாரத்தைத் தானே துண்டிக்க வேண்டிய பிரேக்கரும் விழாது. கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

வீடு உங்களுடையதா வாடகையா, நிலம் யாருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சொந்த வீட்டில் உரிமையாளரே வயரிங் வேலை செய்யச் சில இடங்களில் அனுமதி உண்டு, சில இடங்களில் கிடையாது. மொபைல் ஹோம் பார்க்கில் கம்பமும் அதிலுள்ள பெட்டியும் பெரும்பாலும் பார்க் உரிமையாளருடையவை. நகர அல்லது கவுண்டி கட்டட அலுவலகத்தில் கேட்டு பெர்மிட் எடுங்கள். பெர்மிட் எடுத்தால் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்ப்பார். உங்கள் வேலையை இன்னொரு கண் பார்ப்பது உங்களுக்கே நல்லது.

இந்த வழிகாட்டியில் பார்ப்பதும் அளப்பதும் பெரும்பகுதி. அதைக் கவனமுள்ள யாரும் செய்யலாம். பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியான பேனலுக்குள் கம்பியை மாற்றுவது, வெளிக் கம்பத்திலிருந்து வரும் கேபிளை மாற்றுவது, அலுமினிய ஜாயிண்டுகளைச் சரிசெய்வது எல்லாம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. அவரிடம் 'ஏதோ ஷாக் அடிக்குது' என்று சொல்வதற்கும், 'உள் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கின்றன, அளந்து பார்த்தேன்' என்று சொல்வதற்கும் பில்லிலேயே வித்தியாசம் தெரியும்.

மூன்று அறிகுறிகளில் எது இருந்தாலும் சோதனையே வேண்டாம். பேனல் மூடி தொட்டால் சுடுகிறது, எரிந்த பிளாஸ்டிக் வாடை வருகிறது, வீட்டுச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. சுவரில் ஷாக் அடித்தால் கம்பத்துப் பெட்டியின் உலோகத்திலும் மின்சாரம் இருக்கலாம். அதனால் பெட்டி காய்ந்திருந்து, தொடாமல் சோதிக்கும் டெஸ்டரை அருகே காட்டினால் கத்தாமல் இருந்தால் மட்டும் மெயினை அணையுங்கள். சந்தேகம் இருந்தால் எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து மின் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். புகை தெரிந்தால் வெளியே வந்து 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

2. நிறங்களைப் புதிதாகப் படியுங்கள்

நம் ஊரில் வயரிங் பழகிய கைக்கு இது உயிர் காக்கும் பாடம். இந்தியாவில் கறுப்பு என்றால் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், அதாவது லைவ். பச்சை எர்த். அமெரிக்காவில் கறுப்புதான் லைவ். சிவப்பு இரண்டாவது லைவ். வெள்ளை நியூட்ரல். பச்சை அல்லது உறையில்லாத வெறுங்கம்பி எர்த்.

ஊரில் இருபது வருடம் வேலை பார்த்த ஒருவர் பேசிக்கொண்டே கறுப்புக் கம்பியைச் சாதாரணமாக ஓரமாக ஒதுக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். அன்று மெயின் அணைந்திருந்தது. கை பழகிய பழக்கத்தை மூளை தடுக்க நேரமாகும். அதனால் முதல் வேலையாக ஒரு அட்டையில் நிறங்களை எழுதி பேனல் மூடியில் ஒட்டிவிடுங்கள்.

சுவிட்சும் தலைகீழ்தான். இங்கே மேலே தள்ளினால் ஆன். மின்னழுத்தமும் வேறு. வீட்டுக்குள் இரண்டு லைவ் கம்பிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு லைவுக்கும் இடையே 240. விளக்கும் சாதாரண பிளக்கும் 120இல் ஓடும். தண்ணீர் ஹீட்டர், துணி உலர்த்தி, மின் அடுப்பு போன்றவை 240. '120தானே' என்று அலட்சியம் வேண்டாம். ஈர மண்ணில் முழங்காலிட்டிருப்பவரைக் கொல்ல அது போதும்.

3. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

நல்ல மல்டிமீட்டர் ஒன்று, தொடாமலே மின்சாரம் இருப்பதைக் காட்டும் பேனா டெஸ்டர் ஒன்று, மூன்று விளக்குள்ள பிளக் சோதிப்பான் ஒன்று. இவற்றோடு இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவர், தலையில் மாட்டும் டார்ச், ரப்பர் அடிப்பாகமுள்ள காய்ந்த ஷூ, பிரேக்கரைப் பூட்டும் கிளிப், ஒரு பூட்டு. டார்க் ஸ்க்ரூடிரைவர், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று எண்ணில் காட்டும் ஸ்க்ரூடிரைவர், விலை கூடியது. எலக்ட்ரீஷியனிடம் அது இருக்கிறதா என்று கேட்டாலே போதும்.

பேனா டெஸ்டரை மட்டும் நம்பி கம்பியைத் தொடாதீர்கள். பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் மின்சாரம் இல்லாத கம்பியும் ஒரே மாதிரி அமைதியாக இருக்கும். மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் முதலில் சோதியுங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், மறுபடி உறுதியான இடத்தில். மூன்றும் சரியாக வந்தால்தான் நடுவில் வந்த 'இல்லை' என்ற பதிலை நம்பலாம்.

4. வீட்டின் வயதைக் கண்டுபிடியுங்கள்

1976 ஜூன் 15 ஒரு கோடு. அன்றிலிருந்து தயாரான மொபைல் ஹோம்களுக்கு அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையான 'ஹட்' வகுத்த நாடு தழுவிய தரம் கட்டாயமானது. அந்த வீடுகளின் வெளிச்சுவரில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாகச் சின்ன சிவப்பு உலோகத் தகடு இருக்கும். உள்ளே பேனல் அருகிலோ சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்திலோ துணி அலமாரியிலோ விவரத்தாள் ஒட்டியிருப்பார்கள்.

சிவப்புத் தகடு இருந்ததற்கான அடையாளமே இல்லையென்றால் வீடு அதற்கு முந்தையதாக இருக்கலாம். அப்படியானால் எதையும் ஊகிக்காதீர்கள். புகை அலாரம் உண்டு, எர்த் உண்டு, கம்பி செம்பு என்று எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏறத்தாழ 1965 முதல் 1973 வரை வீட்டு வயரிங்கில் அலுமினியக் கம்பி பரவலாகப் புழங்கியது. உங்கள் வீடு அந்த வருடங்களில் தயாரானது என்றால் எட்டாம் படியை நிதானமாகப் படியுங்கள்.

5. மெயினை அணைக்கும் முன் வீட்டுத் தோலைச் சோதியுங்கள்

இந்தச் சோதனை மெயினை அணைக்கும் முன், மின்சாரம் இருக்கும்போதே செய்ய வேண்டியது. அணைத்தபிறகு அளந்தால் எல்லா வீடும் நல்ல வீடாகத் தெரியும்.

ரப்பர் ஷூவோடு வெளியே நில்லுங்கள். பேனா டெஸ்டரைத் தகரச் சுவர், கதவுக் கைப்பிடி, இரும்புப் படி, வீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவற்றின் அருகே காட்டுங்கள். கத்தினால் அத்தோடு நிறுத்துங்கள். கத்தாவிட்டால், நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை ஈர மண்ணில் குத்தி, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைச் சுவரின் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். முனைகளின் உலோகத்தில் விரல் படக்கூடாது. வீட்டுக்குள் ஒருவர் ஹீட்டரையோ அடுப்பையோ போட்டுவிட்டு நிற்கட்டும். ஓரிரு வோல்ட் காட்டுவது உண்டு. அதற்கு மேல் ஏறினால், குறிப்பாக உள்ளே சுமை கூடக்கூட ஏறினால், நியூட்ரலிலோ எர்த்திலோ கோளாறு. அன்றைய வேலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது மட்டும்தான்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஷாக் அடிக்கிறது என்றதும் வீட்டோரம் மண்ணில் ஒரு எர்த் தடியை அடித்து, சட்டத்தோடு இணைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்ணில் அடித்த தடியின் மின்தடை 25 ஓம் என்றால் 120 வோல்டில் அதன் வழியே ஓடுவது 5 ஆம்பியருக்கும் குறைவு. 15 ஆம்பியர் பிரேக்கர் இதற்கு விழவே விழாது. சுவரில் மின்சாரம் அப்படியே நிற்கும். பிரேக்கரை விழவைப்பது மண் அல்ல, கம்பத்துப் பெட்டிக்குத் திரும்பிச் செல்லும் எர்த் கம்பி. அடுத்த படி அதைப் பற்றியதுதான்.

6. வெளிக் கம்பமும் நான்கு கம்பிகளும்

மொபைல் ஹோமுக்கு மெயின் என்பது வீட்டுக்குள் இருக்கும் பேனல் அல்ல. வெளியே, வீட்டிலிருந்து 30 அடிக்குள், பார்வை படும் இடத்தில் இருக்கும் கம்பத்துப் பெட்டிதான் மெயின். உள்ளே இருப்பது கிளைப் பேனல். இது மனத்தில் பதிந்தால் மிச்சம் எல்லாம் புரியும்.

மெயினை அணைத்துப் பூட்டுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பூட்டாவிட்டால், விளக்கு எரியவில்லை என்று யாராவது நல்லெண்ணத்தில் வந்து ஆன் செய்துவிடுவார்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் பிரேக்கர் வரை வரும் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதை மின் நிறுவனம் மட்டுமே நிறுத்த முடியும். அதனால் கம்பத்துப் பெட்டியின் உள்மூடியைக் கழற்ற வேண்டாம். எண்ண வேண்டியதை உள்ளே பேனல் பக்கம் எண்ணிக்கொள்ளலாம்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு நான்கு கம்பிகள் வர வேண்டும். இரண்டு லைவ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். பழைய இணைப்புகளில் மூன்றுதான் இருக்கும், எர்த் இருக்காது. அந்த வீட்டுக்குக் கேபிளை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதைத் தள்ளிப்போட்டு உள்ளே பிளக் மாற்றுவது, அடித்தளம் விரிசல் விட்ட வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றது.

பிரேக்கர் அளவையும் பாருங்கள். 50 ஆம்பியர் கார்டோடு, அதாவது பிளக்கில் சொருகும் வயரோடு, வந்த பழைய வீட்டுக் கேபிளைக் கம்பத்தில் 100 ஆம்பியர் பிரேக்கரோடு இணைத்திருப்பார்கள். கேபிள் தாங்கும் அளவைத் தாண்டிச் சூடானாலும் பிரேக்கர் வேடிக்கை பார்க்கும். பிரேக்கர் காப்பது கம்பியை. அதனால் கம்பிக்கு ஏற்ற பிரேக்கர்தான் இருக்க வேண்டும்.

7. இரும்புச் சட்டமும் உள் பேனலும்

வீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஒரு செம்புக் கம்பி, குறைந்தது அமெரிக்க அளவில் 8ஆம் எண் தடிமனில் (எண் குறைந்தால் தடிமன் கூடும்), உள் பேனலின் எர்த் பட்டையோடு இணைக்க வேண்டும். சட்டத்தில் அது பொருந்தியிருக்கும் இடம் பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும். துருவின் மேல் இறுக்கிய போல்ட் பார்வைக்கு இணைப்பு, மின்சாரத்துக்கு இணைப்பில்லை. இரண்டு பாதிகள் சேர்ந்த இரட்டை அகல வீடாக இருந்தால், இரு சட்டங்களையும் சேர்க்கும் கம்பி ஒன்று அடியில் இருக்க வேண்டும். வீட்டை இடம் மாற்றியபோது கழற்றிவிட்டு மறுபடி மாட்ட மறப்பது இதைத்தான்.

இப்போது உள் பேனல். மூடியைக் கழற்றும் முன் மெயின் பூட்டியிருப்பதை மறுபடி பாருங்கள். கழற்றியதும் மூன்று தரம் சோதிக்கும் முறையில் இரண்டு லைவையும் சோதியுங்கள். அப்புறம் எதையும் தொடாமல் போட்டோ எடுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் தனித்தனியாக இருக்கின்றனவா என்பது. சாதாரண வீட்டில் மெயின் பேனலில் இரண்டும் சேர்ந்திருக்கும். அதனால் சாதாரண வீட்டில் மட்டும் வேலை செய்த சிலர் மொபைல் ஹோமிலும் பச்சை ஸ்க்ரூவைப் போட்டு இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். இந்த வீடுகளில் நான் பார்த்த பிழைகளில் மிக ஆபத்தானது இது. சேர்த்துவிட்டால் வீட்டில் ஓடும் மின்சாரம் திரும்பிப் போகும்போது ஒரு பங்கு எர்த் கம்பி வழியாகவும் இரும்புச் சட்டம் வழியாகவும் ஓடும். ஒரு நாள் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கழன்றால், வீட்டுச் சுமை முழுவதும் எர்த் வழியே போகும். அந்த எர்த்தும் துருப்பிடித்திருந்தால் தகரச் சுவர் முழுவதும் லைவ்.

அளந்து உறுதிசெய்யும்போது புதியவர்கள் ஒரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். மீட்டரை இரண்டு பட்டைகளுக்கும் இடையே வைத்தால் 'இணைப்பு உண்டு' என்றுதான் காட்டும். காரணம், இரண்டும் வெளிக் கம்பத்தில் சேர்ந்திருக்கின்றன. அது சரியான அமைப்புதான். ஆகவே மின்சாரம் இல்லை என்று உறுதியானபின், கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கம்பியைப் பட்டையிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இப்போது இணைப்பு காட்டக்கூடாது. காட்டினால், கிளை நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்துகொண்டே போங்கள். எதைக் கழற்றியதும் இணைப்பு மறைகிறதோ அந்த லைனில் கோளாறு. பெரும்பாலும் அது துணி உலர்த்தியோ அடுப்போதான். ஏன் என்று பத்தாம் படியில் சொல்கிறேன். அளந்து முடித்ததும் கம்பத்து நியூட்ரலைத் திருப்பி மாட்டி முறையாக இறுக்காமல் மெயினைத் தொடவே கூடாது. நியூட்ரல் இல்லாமல் ஆன் செய்தால் 120 வோல்ட் சாதனங்கள் சிலவற்றுக்கு 200ஐத் தாண்டிக்கூடப் போகும்.

அடுத்து பிரேக்கர் அளவுகள். 14ஆம் எண் செம்புக் கம்பிக்கு 15 ஆம்பியர், 12ஆம் எண்ணுக்கு 20, 10ஆம் எண்ணுக்கு 30. எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். 12ஆம் எண் அலுமினியக் கம்பிக்கு 15தான். அடிக்கடி விழுகிறது என்று யாரோ 15ஐ எடுத்துவிட்டு 30ஐ மாட்டியிருப்பார்கள். கம்பி எவ்வளவு சூடாகிறது என்பது அவருக்குத் தெரியாது. சுவருக்குள் இருக்கும் மரத்துக்குத்தான் தெரியும்.

பேனலின் பெயரையும் பாருங்கள். அந்தக் காலத்து ஃபெடரல் பசிஃபிக் ஸ்டாப்-லோக் பேனல் என்றால், அதன் பிரேக்கர்கள் விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போவதற்குப் பேர்போனவை. அதைப் பழுது பார்க்க வேண்டாம். பேனலையே மாற்றுவது ஒன்றுதான் வழி. கறுத்த தடம், உருகிய உறை, கூரையிலிருந்து தண்ணீர் வழிந்த துரு இருந்தாலும் அப்படியே.

8. அலுமினியக் கம்பி

கேபிளின் மேலுறையில் அலுமினியம் என்ற ஆங்கிலச் சொல்லோ அதன் முதல் இரண்டு எழுத்தோ அச்சாகியிருக்கும். பேனலில் கம்பி முனை வெள்ளி நிறத்தில் இருக்கும். பெரிய கம்பிகளில், அதாவது கம்பத்திலிருந்து வருவதிலோ அடுப்புக்குப் போவதிலோ அலுமினியம் இருப்பது இன்றும் சாதாரணம். கவலை தர வேண்டியது விளக்குக்கும் பிளக்குக்கும் போகும் 15, 20 ஆம்பியர் கிளைக் கம்பிகள்.

கம்பியின் நடுப்பகுதி கெடுவதில்லை. ஜாயிண்ட்தான் கெடுகிறது. அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும். ஸ்க்ரூவுக்கு அடியில் அழுந்தி அழுந்தி மெல்ல நகர்ந்து இடம் விடும். இடம் விட்டால் சூடு, சூடேறினால் இன்னும் இடம். 1972க்கு முன் தயாரான அலுமினிய வயரிங் வீடுகளில் ஒரு ஜாயிண்டாவது தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும் வாய்ப்பு செம்பு வயரிங் வீடுகளைவிட 55 மடங்கு என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. மொபைல் ஹோமோ லாரியில் இழுத்து வரப்பட்டது. அந்தக் குலுக்கலில் தளர்ந்த ஸ்க்ரூக்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தீர்வாக அந்த ஆணையம் ஏற்பது மூன்று. வீடு முழுவதும் செம்புக் கம்பிக்கு மாற்றுவது. 'கோபாலம்' என்ற சிறப்புக் கருவியால் ஒவ்வொரு ஜாயிண்டிலும் செம்புத் துண்டை அழுத்திப் பொருத்துவது. அதற்குப் பயிற்சி பெற்றவர் தேவை. மூன்றாவது 'அலுமிகான்' இணைப்பான். அதில் அலுமினியமும் செம்பும் தனித்தனித் துளைகளில் தனித்தனி ஸ்க்ரூக்களில் நிற்கும். டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அதைப் பொருத்தக்கூடாது.

சாதாரண முறுக்கு மூடியில் செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்கிவிடுவது தீர்வு அல்ல. கடையில் கிடைக்கும் சாதாரண பிளக்கை அலுமினியத்தில் நேராக மாட்டுவதும் தவறு. எந்த வழியை எடுத்தாலும் எல்லா ஜாயிண்டையும் செய்ய வேண்டும்: பிளக், சுவிட்ச், மேலே விளக்கு, சமையலறை எக்ஸாஸ்ட், பேனல். கைக்கு எட்டிய பத்தைச் செய்துவிட்டு மிச்சத்தை விட்டால், விட்டுப்போன ஒன்று போதும்.

9. பெட்டியில்லாத பிளக்குகள்

மொபைல் ஹோமில் பிளக்கையோ சுவிட்சையோ கழற்றினால் பின்னால் பெட்டியே இல்லாமல் இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தொழிற்சாலையில் வேகமாக மாட்டுவதற்காகச் செய்த வகை அது. கேபிளை அதன் முதுகில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் உலோகக் கவைகள் உறையைக் கிழித்துக் கம்பியைப் பிடிக்கும். ஸ்க்ரூ கிடையாது.

புதிதில் நன்றாகத்தான் இருக்கும். நாற்பது வருடம் பிளக்கைச் சொருகி இழுத்தபின் கவை தளர்ந்துவிடும். அந்த பிளக்கில் 1500 வாட் ஹீட்டர் போட்டால் 12 ஆம்பியருக்கு மேல் ஓடும். தளர்ந்த கவை அப்போது கொதிக்கும். கறுத்த பிளக்கின் கதை இதுதான். ஒரு லைனில் கடைசி பிளக் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு அதற்கு முந்தைய பிளக்கில் இருக்கலாம். கம்பி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடர்ந்து போகிறது.

மாற்றும்போது, பழைய சுவரில் பொருத்துவதற்கென்று விற்கும் பெட்டியும் ஸ்க்ரூ வைத்த பிளக்கும் வாங்குங்கள். வாங்கும் முன் சுவரின் ஆழத்தை அளங்கள். பழைய மொபைல் ஹோம்களின் சுவருக்குள் ஒன்றரை அங்குலம், இரண்டரை அங்குலம்தான் இடம் இருக்கும். சாதாரண வீட்டுக்கான பெட்டி உள்ளே போகாது. தள்ளி நுழைத்தால் வெளிச்சுவர்த் தகரத்தில் இடிக்கும்.

கேபிளும் தேவைக்கு மேல் ஒரு அங்குலம் விடாமல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நீளம் போதவில்லை என்று சுவருக்குள் ஜாயிண்ட் போட்டு மூடிவிடாதீர்கள். ஜாயிண்ட் எப்போதும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று: இந்தச் சுவர்கள் மெல்லியவை, கேபிள் தோலுக்கு அருகிலேயே ஓடும். படம் மாட்ட அடித்த நீள ஸ்க்ரூ கேபிளைத் துளைத்துத் தகரச் சுவரையும் தொடலாம். ஐந்தாம் படியில் சுவர் கத்தியிருந்தால் யாரோ அடித்த ஆணிகளையும் சந்தேகப்படுங்கள்.

10. அதிகச் சுமை எடுக்கும் சாதனங்கள்

துணி உலர்த்தியின் பிளக்கில் மூன்று முனையா நான்கு முனையா என்று பாருங்கள். மூன்று முனை உலர்த்தியில் உள்ளே ஒரு சிறு பட்டை நியூட்ரலை உலோக உடலோடு சேர்த்திருக்கும். பழைய சாதாரண வீடுகளில் ஒரு காலத்தில் அது அனுமதிக்கப்பட்டது. மொபைல் ஹோமில் ஏழாம் படியில் பிரித்ததை அது திரும்பச் சேர்த்துவிடும். நான்கு முனை கார்டும் நான்கு கம்பி லைனும் வேண்டும். கார்டை மாற்றிவிட்டு உள்ளே இருக்கும் பட்டையை எடுக்க மறந்துவிடுகிறார்கள். மின் அடுப்புக்கும் இதே விதி.

தண்ணீர் ஹீட்டர் பெரும்பாலும் ஒரு சின்ன அலமாரிக்குள், கசிந்த தரைக்கு மேலே நிற்கும். அதன் மேல்மூடியைத் திறந்து ஜாயிண்டுகளில் கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 30 ஆம்பியர் பிரேக்கர், 10ஆம் எண் கம்பி என்ற பொருத்தம் அங்கும் இருக்க வேண்டும்.

11. வீட்டின் அடியில்

மெயின் பூட்டியபின்தான் அடியில் நுழைய வேண்டும். ஈர மண்ணும் தலைக்கு மேல் இரும்பும் உள்ள இடம் அது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வெளியே நிற்கட்டும்.

கேபிள்களை எலி கடித்திருக்கிறதா, தரைக்கு அடியில் கட்டிய துணி கிழிந்து கேபிள் தொங்குகிறதா என்று பாருங்கள். இரட்டை அகல வீட்டில் இரு பாதிகளும் சேரும் கோட்டில் கேபிள் இணைப்புகள் இருக்கும். மூடியில்லாத பெட்டி, டேப் சுற்றிய ஜாயிண்ட் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்கச் சுற்றும் ஹீட் டேப். எல்லோரும் மறப்பது, ஆண்டு முழுவதும் பிளக்கில் சொருகியே கிடப்பது, தீ விபத்துகளுக்குக் காரணமாவது. உறை வெடித்திருந்தாலும் நிறம் மாறியிருந்தாலும் கழற்றி எறியுங்கள். புதிது வாங்கும்போது மொபைல் ஹோமுக்கென்று சான்று பெற்றதா, உங்கள் குழாய் பிளாஸ்டிக் என்றால் அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். டேப் தன் மேலேயே ஏறிச் சுற்றக்கூடாது. ஏறிய இடத்தில் சூடு வெளியேற வழியில்லை. தயாரிப்பாளர் அனுமதிக்காவிட்டால் அதன் மேல் இன்சுலேஷன் சுற்றக்கூடாது. மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ காப்புள்ள பிளக்கில் மட்டும் சொருகுங்கள்.

12. ஜிஎஃப்சிஐயும் புகை அலாரமும்

ஜிஎஃப்சிஐ நம் ஊர் ஆர்சிசிபியின் தம்பி. நம் வீடுகளில் 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழும், இது 5 மில்லிஆம்பியர் அளவிலேயே விழும். சமையலறை, குளியலறை, வெளிப்புற பிளக்குகள், வீட்டுக்கு அடியில் உள்ள பிளக் எல்லாவற்றுக்கும் வேண்டும். எர்த் இல்லாத பழைய லைனில் ஜிஎஃப்சிஐ மாட்டி, 'எர்த் இல்லை' என்று லேபிள் ஒட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. அது ஆளைக் காக்கும். ஆனால் எர்த்தை உருவாக்காது. மூன்று விளக்குச் சோதிப்பானின் ஜிஎஃப்சிஐ பொத்தான் அந்த லைனில் அதை விழவைக்காது. அதைப் பார்த்துப் பழுது என்று கழற்றாதீர்கள், அதிலேயே உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.

ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் புகை அலாரம் மாட்டுங்கள். பத்து வருடம் தாண்டியது அழுத்தும்போது கத்தினாலும் மாற்ற வேண்டியதுதான். இவை பேட்டரியில் ஓடுபவை என்றால் வயரிங் முடியும்வரை காத்திருக்காமல் முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

13. மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பது

உள் பேனலில் எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டுக் கம்பத்து மெயினைப் போடுங்கள். பேனலில் அளங்கள். ஒவ்வொரு லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 அளவில், இரண்டு லைவுக்கும் இடையே 240 அளவில் இருக்க வேண்டும். இப்போது ஒரு பிரேக்கரை மட்டும் போட்டு அந்த லைனில் ஒரு ஹீட்டரை ஓடவிட்டு மறுபடி அளங்கள். ஒரு பக்கம் 110க்கு இறங்கி மறுபக்கம் 130க்கு ஏறினால் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. உடனே அணையுங்கள். டிவியும் ஃப்ரிட்ஜும் எரிந்துபோகும் நிலை அது.

சரியாக இருந்தால் மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஐந்தாம் படிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மாற்றிய ஒவ்வொரு பிளக்கிலும் ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் மெயினை அணைத்து அதைத் திரும்பத் திறங்கள்.

பேனலிலும் இணைப்பான்களிலும் இறுக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒரு மாதம் கழித்து மெயினைப் பூட்டி மூடியைத் திறந்து கோடுகளைப் பாருங்கள். நேராக இருக்கும் ஸ்க்ரூவை மறுபடி இறுக்க வேண்டாம், அலுமினியத்தை அது நசுக்கும். கோடு விலகிய ஜாயிண்டை மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிரித்து, புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.